தடம் ஏன் தப்புகிறது? அசைவு சென்சார்களால் ஆளைப் பின்தொடரும்போது வரும் பிழைகளும் தீர்வுகளும்

முடுக்கமானி (வேக மாற்றத்தை அளப்பது), ஜைரோ (சுழலும் வேகத்தை அளப்பது), காந்தமானி (காந்தப்புலத்தை அளப்பது) மூன்றையும் வைத்து ஒருவர் எங்கே போகிறார் என்று கணிக்கும் வேலையில் இறங்கியவர்கள் எல்லோரும் என்றாவது இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள்: ஆள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், திரையில் அவருடைய புள்ளி சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. உடனே கை, இந்த அளவீடுகளைச் சேர்த்துத் திசையையும் இடத்தையும் கணிக்கும் ஃபில்டரின் அளவுருக்களுக்குப் போகும். ஒன்றைக் கூட்டுவோம், ஒன்றைக் குறைப்போம், இரவு இரண்டு மணி ஆகிவிடும். என் அனுபவத்தில் பிழை ஃபில்டரில் இருந்தது அபூர்வம். நேரக் கணக்கு, அச்சு, அலகு, சென்சாரைக் கட்டிய விதம் என்று ஃபில்டருக்கு முன்னாலேயே எங்காவது உட்கார்ந்திருக்கும்.

தடம் எப்படிக் கெடுகிறது என்று உற்றுப் பார்த்தால் காரணம் பாதி தெரிந்துவிடும். நேர்கோடு சீராக வளைகிறதா, ஓரிடத்தில் மட்டும் வெட்டித் திரும்புகிறதா, நேரம் போகப் போக வேகமெடுத்து ஓடுகிறதா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு குற்றவாளி. கீழே அறிகுறி வாரியாகவே எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதற்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

எதற்கும் முன்னால்: இரண்டு நிமிட லாக்

சென்சாரை மேசையில் வைத்து, தொடாமல், இரண்டு நிமிடம் கச்சா அளவீடுகளைப் பதிவு செய்யுங்கள். ஃபில்டர் எதுவும் வேண்டாம். பிறகு நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, முடுக்கமானியின் மூன்று அச்சுகளையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 9.8-ஐ ஒட்டி வர வேண்டும். 1-ஐ ஒட்டி வந்தால் உங்கள் அலகு ஜி, அதாவது புவியீர்ப்பையே 1 என்று வைக்கும் அலகு; மீட்டர் கணக்காக நினைத்துக்கொண்டிருந்தால் பிழை அங்கேயே கிடைத்துவிட்டது. சிப்பிலிருந்து நேராக 16 பிட் எண்களாகப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: எம்பியு-6050 போன்ற சிப்பில் வீச்சு (அளக்கக்கூடிய உச்ச அளவு) ±2 ஜி என்றால் ஒரு ஜிக்கு 16384 வரும், ±16 ஜி என்றால் 2048. வீச்சை மாற்றிவிட்டு வகுக்கும் எண்ணை மாற்ற மறந்தால், அசையாத பொருளின் மீது எட்டு மடங்கு பிழையான புவியீர்ப்பு விழும்.

இரண்டாவது, ஜைரோ. அசையாதபோது பூஜ்யம் வராது. சின்னதாக ஒரு எண் நிற்கும். அதுதான் பயஸ். அதன் சராசரியைக் குறித்து வையுங்கள். அலகையும் பாருங்கள்: ஆண்ட்ராய்டு ரேடியனில் தரும், உலாவியின் அசைவு நிகழ்வு டிகிரியில் தரும். 57 மடங்கு வித்தியாசம் என்றால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் என்று நினைப்போம். மெதுவாகத் திரும்பும்போது தெரியாது.

மூன்றாவது, டைம்ஸ்டாம்ப், அதாவது ஒவ்வொரு மாதிரிக்கும் (ஒரு தடவை எடுத்த அளவீட்டுக்கு) போடும் நேரக்குறி. அடுத்தடுத்த இரண்டு மாதிரிகளுக்கு இடையிலான இடைவெளியை வரைபடமாக்குங்கள். 10 மில்லிநொடியில் சீரான கோடு வர வேண்டிய இடத்தில் 0, 0, 0, 40 என்று படிக்கட்டு வந்தால், நீங்கள் பதிவு செய்வது மாதிரி எடுத்த நேரத்தை அல்ல, அது உங்கள் நிரலுக்கு வந்து சேர்ந்த நேரத்தை.

நான்காவது, காந்தமானியின் மொத்த வலிமை. புவியின் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 25 முதல் 65 மைக்ரோ டெஸ்லா. 110 வருகிறதென்றால் மேசையின் இரும்புக் காலைத்தான் அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய நடை லாக், பெயர் எழுதாவிட்டாலும், அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடியது. நடையை வைத்து ஆளை அடையாளம் காண்பது தனித் துறையாகவே இருக்கிறது. அளவீடு எடுக்கும் முன் அவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். உதவி கேட்டு யாருக்காவது அனுப்புவதென்றால் உங்கள் சொந்த நடையையே அனுப்புங்கள்.

அறிகுறி: ஆள் நிற்கிறார், புள்ளி பறக்கிறது

முடுக்கத்தை இரண்டு முறை தொகையிட்டு இடத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறீர்கள். பாடப்புத்தகப்படி சரிதான். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: முடுக்கமானியில் 0.05 மீட்டர்/நொடி² பயஸ் மிஞ்சியிருக்கிறது. மலிவான சிப்புக்கு இது நல்ல நிலைமை. 10 நொடியில் 2.5 மீட்டர் பிழை. ஒரு நிமிடத்தில் 90 மீட்டர்.

இதைவிட மோசமானது சாய்வுப் பிழை. சென்சார் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை ஒரே ஒரு டிகிரி தவறாகக் கணித்தால், புவியீர்ப்பின் ஒரு துண்டு, 0.17 மீட்டர்/நொடி², கிடைமட்ட முடுக்கமாக வேடம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். ஒரு நிமிடத்தில் 300 மீட்டருக்கு மேல். அந்தச் சாய்வும் நிலையாக இல்லாமல் ஜைரோ பயஸால் மெல்ல வளர்ந்துகொண்டே போனால் இடப்பிழை நேரத்தின் மும்மடிப்படி வளரும்: நொடிக்கு 0.01 டிகிரி பயஸ் மிஞ்சினாலே ஒரு நிமிடத்தில் 60 மீட்டரைத் தாண்டும்.

எனவே லாகை எடுத்து, பிழை எந்த வேகத்தில் வளர்கிறது என்று பாருங்கள். நேரம் இரட்டிக்கும்போது பிழை நான்கு மடங்காகிறதா? முடுக்கமானி பயஸ் அல்லது மாறாத சாய்வு. எட்டு மடங்காகிறதா? ஜைரோ பயஸ். இந்தச் சின்னச் சோதனை எனக்கு எத்தனையோ நாட்களை மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறது.

தீர்வு என்ன? பையிலோ கையிலோ இருக்கும் ஃபோனை வைத்து இரட்டைத் தொகையிடலைச் செய்யாதீர்கள். சீர்படுத்திப் பார்க்கலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. இரண்டே நடைமுறை வழிகள்தான் உள்ளன. ஒன்று, காலடிகளை எண்ணி, ஒவ்வொரு காலடிக்கும் நீளமும் திசையும் கொடுத்து முன்னேறுவது. மற்றொன்று, சென்சாரைப் பாதத்தில் கட்டுவது. பாதம் ஒவ்வொரு முறை தரையில் ஊன்றும்போதும் அதன் வேகம் பூஜ்யம் என்று நமக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த நேரத்தில் ஃபில்டர் காட்டும் வேகம் எல்லாம் பிழைதான். அதைத் திருத்திவிட்டால், பிழை நிமிடக்கணக்கில் வளராமல் காலடிக்குக் காலடி அடங்கிவிடும். இதைச் சுழிவேகத் (பூஜ்ய வேகத்) திருத்தம் என்கிறோம். எரிக் ஃபாக்ஸ்லின் 2005-இல் காலணியில் சென்சார் வைத்துச் செய்த ஆய்வுதான் பலருக்கும் இதன் தொடக்கப்புள்ளி.

அறிகுறி: நேராக நடந்தால் தடம் வில்லாக வளைகிறது

வளைவு சீராக, எப்போதும் ஒரே பக்கமாக இருந்தால் ஜைரோ பயஸ். நொடிக்கு 0.05 டிகிரி என்றால் 10 நிமிடத்தில் திசை 30 டிகிரி திரும்பிவிடும். முன்பு எடுத்த இரண்டு நிமிட லாகின் சராசரியைக் கழித்துப் பாருங்கள். வளைவு பெருமளவு நிமிரும்.

கழித்த பிறகும் தொடக்கத்தில் நேராகவும் கால் மணி நேரம் கழித்து வளைவாகவும் வந்தால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். மேசையில் குளிர்ந்திருந்த சிப் உடல் சூட்டிலும் பேட்டரி சூட்டிலும் ஏறும்போது பயஸ் நகரும். நடப்பதற்கு முன் 10 நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகு பயஸை அளப்பது எளிய வழி. ஆள் நிற்கும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் பயஸைப் புதுப்பித்துக்கொள்வது அதைவிட நல்ல வழி. ஆனால் ஓர் எச்சரிக்கை: ‘நிற்கிறார்’ என்பதை முடுக்கமானியை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சுழல்நாற்காலியில் மெதுவாகச் சுற்றுபவரும் அதற்கு நிற்பவராகத்தான் தெரிவார். உண்மையான சுழற்சியைப் பயஸ் என்று கழித்துவிட்டால், அவர் எழுந்து நடக்கும்போது தடம் எதிர்ப்பக்கம் வளையும்.

அறிகுறி: நேர்ப்பாதை சரி, மூலை திரும்பும்போது மட்டும் கோணம் தப்புகிறது

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். செவ்வக வராந்தாவைச் சுற்றி வந்தால் தடம் ஒவ்வொரு மூலையிலும் 90-க்குப் பதில் 93, 94 டிகிரி திரும்பியது. பயஸைக் கழித்தாயிற்று. ஃபில்டரை மாற்றியாயிற்று. சென்சார்களைச் சேர்த்துத் திசையைக் கணிக்கும் மட்ஜ்விக் ஃபில்டரில் ஒரே ஒரு அளவுரு பீட்டா. அதை மட்டும் மூன்று வாரம் திருகினேன். கடைசியில் ஒரு பலகையின் மேல் சென்சாரை வைத்து, ஒரு கோட்டில் தொடங்கி சரியாகப் பத்துச் சுற்று சுற்றி, அதே கோட்டில் நிறுத்தினேன். 3600 வர வேண்டும். வந்தது 3744.

விகிதம் 1.04. பார்த்தவுடனே உறைத்தது. சிப் மாதிரி எடுக்கும் வேகம் 104 ஹெர்ட்ஸ். என் நிரலில் இடைவெளி 0.01 நொடி என்று கையால் எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு மாதிரிக்கும் 4 சதவீதம் கூடுதல் நேரம் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறேன். ஒரு வரி மாற்றத்தில் மூலைகள் நிமிர்ந்தன.

ஆகவே பத்துச் சுற்றுச் சோதனையை முதலிலேயே செய்துவிடுங்கள். ஒரே சுற்று போதாது. கோட்டில் நிறுத்தும் கைப்பிழையே இரண்டு மூன்று டிகிரி இருக்கும். பத்துச் சுற்றில் அது கரைந்துவிடும். வலமாகப் பத்து, இடமாகப் பத்து. இரண்டிலும் ஒரே விகிதத்தில் கூடினால் நேரக் கணக்கோ அளவுக் காரணியோ (சென்சார் தரும் எண்ணை அலகாக மாற்றும் பெருக்கி) பிழை. ஒன்றில் கூடி மற்றதில் குறைந்தால் பயஸ்.

மெதுவாகச் சுற்றினால் சரி, சட்டென்று திரும்பினால் கோணம் குறைகிறது என்றால் வீச்சு போதவில்லை. எம்பியு-6050 எழும்போது ±2 ஜி, நொடிக்கு ±250 டிகிரி என்ற வீச்சில்தான் எழும். தலையைச் சட்டென்று திருப்பினாலே 250-ஐத் தாண்டும். லாகில் 32767 என்ற எண் தொடர்ந்து நான்கைந்து முறை வந்தால், அலையின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. வெட்டுப்பட்டதை எந்த ஃபில்டராலும் மீட்க முடியாது. பாதத்தில் கட்டுவதாக இருந்தால் ±16 ஜி, நொடிக்கு ±2000 டிகிரி என்று தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். குதிகால் தரையில் இடிக்கும் அந்த நொடிப்பொழுது நாம் நினைப்பதைவிடக் கொடூரமானது.

அறிகுறி: ஓரிடத்துக்கு வந்ததும் திசை வெட்டித் திரும்புகிறது

காந்தமானி. பெரும்பாலும் விசாரிக்கவே தேவையில்லை. கட்டடத்தின் இரும்புத் தூண், லிஃப்ட் குழி, மின்கம்பிகள் ஓடும் சுவர் என எதன் பக்கத்தில் போனாலும் வடக்கு நகர்ந்துவிடும். அதே இடத்தில் மறுபடி நடந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் அங்கேயே வெட்டினால் குற்றம் கட்டடத்தினுடையது.

ஆளோடு சேர்ந்தே நகரும் பிழை வேறு ரகம். சென்சாரை ஒரு முழுச் சுற்று திருப்பி, உண்மைக் கோணத்துக்கும் காட்டும் கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வரையுங்கள். சுற்றுக்கு ஒரு முறை ஏறி இறங்கினால் சென்சாரோடு ஒட்டியிருக்கும் நிரந்தரக் காந்தம்: ஸ்பீக்கர், பேட்டரி இணைப்பு, காந்தக் கொக்கி வைத்த ஃபோன் உறை. சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்கினால் புலத்தைத் திரிக்கும் மென்னிரும்பு: திருகாணி, தகடு, பெல்ட் பக்கிள். முதலாவதற்கு ஒரு கழித்தல் போதும். இரண்டாவதற்கு, எல்லாப் பக்கமும் சுழற்றி எடுத்த புள்ளிகளை நீள்கோளமாகப் பொருத்தி, அதைக் கோளமாக மாற்றும் அணி (மேட்ரிக்ஸ்) வேண்டும். காற்றில் எட்டு வரையச் சொல்வதெல்லாம் இந்தப் புள்ளிகளைச் சேகரிக்கத்தான்.

மேலே சொன்ன இந்தத் திருத்தத்தை, அதாவது காலிப்ரேஷனை, சென்சார் தனியாக இருக்கும்போது செய்துவிட்டு, பிறகு உறைக்குள் போட்டு இடுப்பில் கட்டுவது பயனில்லாத வேலை. கட்டிய நிலையிலேயே செய்யுங்கள்.

நடைமுறையில் கட்டடத்துக்குள் நான் செய்வது இது: காந்தப்புலத்தின் மொத்த வலிமையும் அது கிடைமட்டத்தோடு செய்யும் கோணமும் இரண்டுமே எதிர்பார்த்த மதிப்பை ஒட்டி இருந்தால் மட்டும் காந்தமானியை நம்புவது; இல்லையென்றால் ஜைரோவோடு மட்டும் போவது. வலிமை ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்; திசை திரும்பி வலிமை மாறாத இடங்கள் உண்டு. ஆண்ட்ராய்டில் எழுதுபவர்களுக்கு இன்னும் எளிது: ஃபோன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கணித்துத் தரும் சென்சார்களில் ரொட்டேஷன் வெக்டர் காந்தமானியைச் சேர்த்துக்கொள்ளும், கேம் ரொட்டேஷன் வெக்டர் சேர்த்துக்கொள்ளாது. இரண்டையும் சேர்த்தே பதிவு செய்து ஒப்பிட்டால், காந்தம் எங்கே விளையாடுகிறது என்று தனியாகத் தெரிந்துவிடும்.

திறந்த வெளியில், எங்கே நடந்தாலும் மாறாத ஒரே அளவு கோணப்பிழை இருந்தால், பெரும்பாலும் அது பிழையே அல்ல. காந்த வடக்கும் வரைபட வடக்கும் ஒன்றல்ல; அந்த இடத்தின் காந்த விலக்கத்தைக் கூட்டாமல் விட்டிருக்கிறீர்கள்.

அறிகுறி: இடம் திரும்பினால் வலம் திரும்புகிறது, தடம் கண்ணாடி பிம்பம்போல் வருகிறது

அச்சுப் பிழை. முடிவெடுக்கும் முன் ஒரு நிமிடச் சோதனை: சென்சாரை ஒவ்வொரு முகமாக மேசையில் வைத்து, மேலே நோக்கும் அச்சில் +9.8 வருகிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு ஃபோனைத் திரை மேலே பார்க்க வைத்தால் இசட் அச்சில் +9.8 வரும். ஐஃபோனில் அதே நிலையில் −1 வரும்; குறியும் வேறு, அலகும் வேறு. ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றதில் அப்படியே ஓட்டினால் ஆள் தலைகீழாக நடப்பார்.

எம்பியு-9250 வைத்திருப்பவர்களுக்குத் தனிப் பொறி ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் காந்தமானி வேறொரு சிப். அதன் எக்ஸ் அச்சு ஜைரோவின் ஒய் அச்சோடும், ஒய் அச்சு ஜைரோவின் எக்ஸோடும் பொருந்தும்; இசட் எதிர்த்திசை. இதைத் திருப்பிப் போடாமல் ஃபில்டரில் கொட்டினால், நிற்கும்போது ஏதோ ஒரு திசையில் அமைதியாக நிற்கும். திரும்பினால் இழுபறி தொடங்கும். ஃபில்டரைத் திட்ட வேண்டாம், பாவம், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்?

குவாட்டர்னியனில் (திருப்பத்தை நான்கு எண்களால் சொல்லும் முறை) டபிள்யூ முதலில் வருமா கடைசியில் வருமா என்பது ஒவ்வொரு நூலகத்திலும் ஒவ்வொரு மாதிரி. குறிப்புத் திசையோடு பொருந்தும்படி, திருப்பாமல் வைத்த சென்சாருக்குக் கிட்டத்தட்ட 1, 0, 0, 0 வர வேண்டிய இடத்தில் 0, 0, 0, 1 வந்தால் வரிசை மாறியிருக்கிறது.

ஃபோனைச் செங்குத்தாக நிமிர்த்தும்போது மட்டும் திசை கண்டபடி சுழன்றால் அது வேறு கதை. ஆய்லர் கோணங்களில் (திருப்பத்தை மூன்று கோணங்களாகச் சொல்லும் முறை) 90 டிகிரிச் சாய்வு வந்ததும் மற்ற இரண்டு கோணங்களும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். உள்கணக்கை முழுவதும் குவாட்டர்னியனில் வைத்துக்கொண்டு, திரையில் காட்டுவதற்கு மட்டும் கோணமாக மாற்றுங்கள்.

அறிகுறி: காலடி எண்ணிக்கை பாதிதான் வருகிறது, அல்லது நிற்கும்போதும் ஏறுகிறது

சரியாகப் பாதி வந்தால் சென்சார் பெரும்பாலும் கால்சட்டைப் பையில் இருக்கும். தொடை முன்னும் பின்னும் ஆடும் ஒரு சுற்றுக்கு இரண்டு காலடிகள். வலுவான அலை அந்தச் சுற்றுக்கு ஒன்றுதான். உச்சிகளை எண்ணும் நிரல் பலவீனமான மற்றொரு காலடியைத் தவறவிட்டுவிடும். இடுப்பில் இந்தச் சிக்கல் இல்லை.

கூடுதலாக வந்தால், குறைந்தபட்ச இடைவெளி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சாதாரண நடை நொடிக்கு இரண்டு காலடியை ஒட்டியது. 0.25 நொடிக்குள் வரும் இரண்டாவது உச்சியைக் காலடியாக எண்ண வேண்டாம். 3 ஹெர்ட்ஸை ஒட்டி மென்மையாக்கும் ஃபில்டரும் நடைக்கு உதவும். ஓட்டத்தையும் எண்ண வேண்டுமென்றால் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள்.

முதியவர்கள், ஊன்றுகோலோடு நடப்பவர்கள், காலைத் தேய்த்து நடப்பவர்கள் ஆகியோரிடம் எண்ணிக்கை விழுந்துவிடுவது சகஜம். நாம் ஆய்வகத்தில் இளைஞர்கள் இரண்டு பேரை நடக்கவிட்டு வாசல்மதிப்பை (காலடி என்று ஏற்கும் குறைந்தபட்ச அளவை) முடிவு செய்கிறோம். பிறகு யாருக்கு உண்மையிலேயே தேவையோ அவர்களிடம் தோற்கிறோம். நிலையான மதிப்புக்குப் பதில், கடைசிச் சில நொடிகளின் அலைவீச்சைப் பார்த்துத் தானே இறங்கும் வாசல்மதிப்பை வையுங்கள்.

ஆண்ட்ராய்டின் உள்ளமைந்த காலடி எண்ணி தாமதமாக வருகிறது என்று புகார் வந்தால், அது அதன் இயல்பு. மொத்த எண்ணிக்கை தரும் சென்சார் 10 நொடி வரை தாமதிக்கலாம். ஒவ்வொரு காலடியையும் அறிவிக்கும் சென்சாருக்கு 2 நொடி. தடம் வரைய இரண்டாவதை எடுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் இவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். கேட்காவிட்டால் பிழைச்செய்தி வராமலே பூஜ்யத்தில் நிற்கலாம்.

அறிகுறி: வடிவம் சரி, அளவு மட்டும் தப்பு

தடத்தை இழுத்துப் பெரிதாக்கினால் வரைபடத்தில் பொருந்துகிறது என்றால் காலடி நீளம்தான் காரணம். வெய்ன்பர்க் சூத்திரத்தைப் பலரும் எடுத்தாள்கிறார்கள்: ஒரு காலடிக்குள் செங்குத்து முடுக்கத்தின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தின் நான்காம் மூலம், பெருக்கல் ஒரு மாறிலி. அந்த மாறிலி ஆளுக்கு ஆள் மாறும். அளந்த 50 மீட்டரை மெதுவாக ஒரு முறை, வழக்கம்போல் ஒரு முறை, வேகமாக ஒரு முறை நடக்கச் சொல்லி மாறிலியைக் கண்டுபிடியுங்கள். இணையத்தில் யாரோ எழுதிய எண்ணை எடுத்து வைப்பது அவருடைய காலை எடுத்து உங்கள் ஆளுக்கு ஒட்டுவது மாதிரி.

அறிகுறி: ஃபோனைக் காதுக்குக் கொண்டுபோனதும் ஆள் பக்கவாட்டில் நடக்கிறார்

ஃபோன் பார்க்கும் திசையும் ஆள் நடக்கும் திசையும் ஒன்றல்ல. கையில் நேராகப் பிடித்திருக்கும்வரை இந்த உண்மை மறைந்திருக்கும். ஃபோன் நிலை மாறும்போது சட்டென்று வரும் பெரிய சுழற்சியைக் கண்டுபிடித்து, அந்தக் கோணத்தை மட்டும் நடைத்திசையில் சேர்க்காமல் விடுவது முதல் படி. பைக்குள் இருந்தால், கிடைமட்ட முடுக்கம் எந்தக் கோட்டில் அதிகமாக ஆடுகிறது என்று பாருங்கள். நடை அந்தக் கோட்டில்தான். ஆனால் முன்னேயா பின்னேயா என்று அந்தக் கோடு சொல்லாது. 180 டிகிரிக் குழப்பம் வரும். செங்குத்து ஆட்டத்துக்கும் முன்பின் ஆட்டத்துக்கும் இடையிலான நேர வித்தியாசத்தை வைத்துப் பிரிக்கலாம். இருந்தும் சில சமயம் ஆள் பின்னோக்கி நடப்பார்.

அறிகுறி: பாதத்தில் கட்டியிருக்கிறேன், ஆனாலும் தடம் நழுவுகிறது

முதலில் குனிந்து சென்சாரைத் தொட்டுப் பாருங்கள். விரலால் அசைத்தால் அசைகிறதா? கயிற்றின் முடிச்சுக்கு மேல் செருகிய சென்சார் ஒவ்வொரு குதிகால் இடிக்கும் துள்ளும். லாகில் அதைப் பார்க்கலாம்: இடித்த பிறகு அலை உடனே அடங்காமல், அடித்த மணிபோல் நடுங்கிக்கொண்டே இருக்கும். பாதம் நின்றுவிட்டது, சென்சார் நிற்கவில்லை. காலணியின் உடலோடு இறுக்கி ஒட்டுங்கள்.

அடுத்தது, நின்ற கணத்தைக் கண்டுபிடிக்கும் வாசல்மதிப்பு. நடையின் ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு நொடி. அதில் 60 சதவீதம் போலப் பாதம் தரையைத் தொட்டிருக்கும். ஆனால் குதிகாலில் விழுந்து, உருண்டு, விரலில் எழும்புவதற்கு நடுவே உண்மையாக அசையாமல் இருப்பது அதில் ஒரு துண்டுதான். வாசல்மதிப்பு தாராளமாக இருந்தால் பாதம் இன்னும் உருளும்போதே வேகத்தைப் பூஜ்யமாக்கிவிடுவீர்கள், தடம் சுருங்கும். கறாராக இருந்தால் சில காலடிகளில் திருத்தமே நடக்காது. அந்த இடத்தில் தடம் கோணலாகத் துள்ளும். ஓடும்போது கறார் மதிப்பு ஒருபோதும் நிறைவேறாது. நடைக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று என இரண்டு மதிப்புகள் வையுங்கள். ஜைரோ, முடுக்கமானி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண்டறிமுறை, ஒன்றை மட்டும் பார்ப்பதைவிட நிதானமானது.

ப்ளூடூத்தில் கச்சா அளவீட்டை அனுப்புகிறீர்களா? மாதிரிகளுக்கு வரிசை எண் போட்டு அனுப்புங்கள். பாதம் வீசும் நேரத்தில் பத்து மாதிரி காணாமல் போனால் அந்தக் காலடியே குறுகிவிடும். முடிந்தால் கணக்கைப் பாதத்திலேயே முடித்து, ஒரு காலடிக்கு ஒரு விடையை மட்டும் அனுப்புங்கள்.

அறிகுறி: உயரம் மட்டும் கெடுகிறது

புவியீர்ப்பை 9.81 என்று நிலையாக வைத்திருப்பீர்கள். நிலநடுக்கோட்டருகே அது 9.78, துருவங்களில் 9.83. நிற்கும்போது அளந்த மதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்டில் ஏறியவர் தரைத்தளத்திலேயே நிற்கிறாரா? சீரான வேகத்தில் ஏறும் லிஃப்டுக்குள் பாதம் அசையவில்லை. ஃபில்டர் கடமை தவறாமல் வேகத்தைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. முடுக்கமானியோ ஜைரோவோ இங்கே உதவாது. காற்றழுத்தமானியைச் சேருங்கள்: தரைமட்டத்தருகே ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் 0.12 ஹெக்டோபாஸ்கல் குறையும். 3 மீட்டர் உயரத் தளத்துக்கு 0.36. தளத்தைச் சொல்ல அது தாராளம். வானிலையால் அழுத்தம் மெல்ல நகரும் என்பதால் முழு மதிப்பை நம்பாமல் சில நிமிடங்களுக்குள் ஏற்படும் மாற்றத்தை மட்டும் நம்புங்கள்.

அறிகுறி: திரை அணைந்ததும் அளவீடு நின்றுவிடுகிறது, உலாவியில் எதுவுமே வரவில்லை

இதில் இயற்பியல் எதுவும் இல்லை, அனுமதிதான். ஆண்ட்ராய்டு 9 முதல் பின்னணியில் இருக்கும் செயலிக்குத் தொடர் சென்சார்கள் வராது; அறிவிப்போடு ஓடும் முன்னணிச் சேவை வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் 200 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்கத் தனி அனுமதி. ஐஃபோன் சஃபாரியில் 13-ஆம் பதிப்பு முதல், பயனர் ஒரு பொத்தானை அழுத்தும் அந்த நிகழ்வுக்குள்ளேயே அனுமதி கேட்க வேண்டும். பக்கம் திறந்ததும் தானாகக் கேட்டால் மறுத்துவிடும். பக்கம் பாதுகாப்பான இணைப்பில் இல்லையென்றாலும் எதுவும் வராது.

அறிகுறி: உடல் முழுக்கச் சென்சார் கட்டினால் முழங்கால் பின்பக்கம் மடங்குகிறது

சென்சாரின் அச்சும் எலும்பின் அச்சும் ஒன்றல்ல. நேராக நிமிர்ந்து, கைகளைத் தொங்கவிட்டு நிற்கும் நிலையில் ஒவ்வொரு சென்சாருக்கும் எலும்புக்கும் உள்ள கோணத்தைப் பதிவு செய்கிறோம். அந்த நேரத்தில் ஆள் முழங்காலைச் சற்றே மடக்கி நின்றிருந்தால், பிறகு அவர் காலை நீட்டும்போதெல்லாம் திரையில் அது பின்னால் வளையும். மறுபடி நிற்கச் சொல்லுங்கள். தொடையில் கட்டும்போது சதை ஆடும் முன்பக்கத்தைத் தவிர்த்து வெளிப்பக்கத்தில் கட்டுங்கள். இடது, வலது சென்சார்கள் மாறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், இதில் பாதி நாள் போன ஆட்கள் உண்டு.

அறிகுறி: மேலே உள்ள எல்லாம் சரி. ஆனாலும் அரை மணி நேரத்தில் தடம் மெல்லத் திரும்புகிறது

இதைப் பிழை என்று தேடாதீர்கள். பாதம் நிற்கும்போது வேகம் பூஜ்யம் என்று தெரிகிறது. சாய்வைப் புவியீர்ப்பு சொல்லிவிடுகிறது. ஆனால் செங்குத்து அச்சைச் சுற்றிய திசையையும் இருக்கும் இடத்தையும் முடுக்கமானியும் ஜைரோவும் நேரடியாகப் பார்ப்பதில்லை. காந்தமானியை நம்ப முடியாத கட்டடத்துக்குள் அந்தத் திசை நழுவத்தான் செய்யும். ஒரு டிகிரி நழுவினால் 100 மீட்டருக்கு 1.75 மீட்டர் பக்கவாட்டில் போகும்.

இரண்டு பாதங்களிலும் சென்சார் கட்டி, இரண்டுக்கும் இடையே இவ்வளவு தூரத்துக்கு மேல் இருக்க முடியாது என்று கட்டுப்பாடு வைத்தால் நழுவல் குறையும். இடக்கால் ஒரு பக்கமும் வலக்கால் எதிர்ப்பக்கமும் நழுவும் போக்கு ஓரளவு சமன்பட்டுவிடுவது இதில் கிடைக்கும் கூடுதல் லாபம். தளவரைபடம் கையில் இருந்தால் துகள் ஃபில்டர் போடுங்கள்: நூற்றுக்கணக்கான கற்பனை ஆட்களை ஒரே நேரத்தில் நடக்கவிட்டு, சுவரில் முட்டியவர்களை நீக்கிக்கொண்டே வருவது. நீண்ட வராந்தாவில் அது தடுமாறும். ஒரு கதவைத் தாண்டியதும், சுவர் பக்கம் போனவர்கள் எல்லாரும் நீங்கி, மிச்சமிருப்பவர்கள் அந்தக் கதவருகே ஒன்றாகக் கூடிவிடுவார்கள். கதவே இல்லாத பெரிய கூடமென்றால் வாசலில் ஒரு ப்ளூடூத் பீக்கனோ அகலப்பட்டை ரேடியோ நங்கூரமோ (இடம் தெரிந்த, ரேடியோ சிக்னல் தரும் கருவி) வைத்துவிடுங்கள். ஆள் அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் இடத்தை அங்கே பிடித்து நிறுத்திக்கொள்ளலாம்.